பேசுமுன்னே எழுதிய தீர்மானம்

17-9-2006, ஞாயிறு

விருதுநகரில் நூலகர் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். ஊர் நூலகங்களின் வாசகர் குழுத் தலைவிகளுக்கு வழிகாட்டுகிறார்களாம். நாரணாபுரத்துக்குத் தலைவி நான். தலைவி கடைசியில்தான் பேச வேண்டும், வாய் திறக்காதவர்களை முதலில் பேச வைக்க வேண்டும் என்று செயலாளர் அரைமணி நேரம் வாசித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நான் கேட்கப் போனது ஒன்றே ஒன்று. பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வேலை விட்டு வருவதற்குள் எங்கள் நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். எட்டு மணி வரை திறந்திருக்கச் சங்கம் மேலே எழுத வேண்டும். எதிர்வீட்டு மாரியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் வாயைத் திறக்குமுன் செயலாளர் தீர்மான நோட்டை என் கையில் வைத்துவிட்டார். மேலே பிள்ளையார் சுழி. கீழே, ‘இப்போதுள்ள நேரமே போதுமென எல்லோரும் பேசி முடிவு செய்தார்கள்.’

“யாரு தம்பி பேசினாக?” என்றேன்.

“நேத்தே எழுதியாச்சுக்கா. கூட்டம் முடிஞ்சு எழுதுனா எல்லாரும் பஸ்ஸைப் பிடிச்சு ஓடிருவீக. கையெழுத்தப் போட்டுட்டு வடை சாப்பிடுங்க.”

போட்டேன். வடையையும் தின்றேன். அந்த ஆளை மட்டும் சொல்லி என்ன?

ஊர் திரும்பியபோது மாரியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். “சொன்னீகளாக்கா?”

“சொன்னேன். பாக்கோம்னாக.”

அவள் முகம் அம்புட்டு மலர்ந்தது.

முருகா, தினமும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் இந்த டைரியை எழுத ஆரம்பிப்பேன். இன்றைக்குக் கை வரவில்லை.