நான் படிக்காமல் விட்ட வரி

என் நெஞ்சை விட்டுப் போகாத நங்கைக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளை நாற்பது ஆசிரியர்கள் முன்னால் வியர்க்க வைத்துவிட்டேன். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் வியர்த்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், அப்புறம் எதைத் துடைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எந்த ஆள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது ஆசிரியர் பத்திரிகையில் வரப்போகிறது, மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் பள்ளிக்கூடத்தைச் சோதனை செய்ய வந்த அதிகாரி. பெயரை எழுத மாட்டேன். அச்சில் தன் பெயரைப் பார்ப்பதில் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அந்த இனிப்பை என் கையால் ஊட்டமாட்டேன்.

உங்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். மலையாளச் சீமை எல்லைக்குள், பெருமாட்டிக்கு அருகில் ஒரு தமிழ்த் தொடக்கப் பள்ளியில் நீங்கள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, நான் இரண்டாம் வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. நீங்கள் பாடம் நடத்தினால் என் பிள்ளைகளும் உங்கள் பக்கம்தான் காது கொடுப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இப்போது ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

நமக்குப் பயிற்சி என்று நடந்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ்ப் பாடநூல் ஓணம் கழித்துத்தான் வந்து சேரும். நான் திட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் வேலையைப் பார்த்தீர்கள். சனிக்கிழமை மத்தியானம் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வந்து இறங்கும் ஏழெட்டு ஆசிரியர்களை உட்கார வைத்து, இந்தப் பாடத்தை நம் காடுதோட்டத்துப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று பேச வைத்தீர்கள். பேசியதை உடனே எழுதிவிட மாட்டீர்கள். இரண்டு பள்ளிக்கூடத்தில் நடத்திப் பார்த்து, பிள்ளைகள் பிடித்துக்கொண்டால்தான் அந்தப் பாடம் உங்கள் நீல நோட்டில் ஏறும். எட்டு மாதத்தில் முப்பது பாடம்கூடத் தேறவில்லை என்று நான் கேலி செய்தேன்.

அதில் ஒன்று கடலைக்காய் எண்ணும் பாடம். நம் ஊர்க் களத்தில் படியால் அளக்கும்போது யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் படி ‘லாபம்’. அடுத்தது ரெண்டு, மூணு. களத்தில் புரண்டு வளர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கடலைக்காயைக் கொடுத்து எண்ணச் சொன்னாலும் அப்படித்தான் எண்ணும். அதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எழுதினீர்கள்: ‘அடிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். எண்ணிக்கை சரியா என்று மட்டும் பாருங்கள். ஒரு மாதம் போகட்டும். பிறகு பலகையில் 1 என்று எழுதி, நீ சொல்லும் லாபம் இதுதான் என்று காட்டுங்கள்.’

அந்த ஆள் வந்த அன்று அப்படித்தான் ஒரு சிறுமி எண்ணினாள். நகரத்தில் வளர்ந்தவர், களத்தையே பார்க்காதவர். “ஒன்று எங்கே?” என்று அதட்டினார். “அதானுங்க லாபம்” என்றாள் அவள். திமிர் என்று நினைத்துக்கொண்டார். நீங்கள் சிரித்த முகத்தோடு அவருக்கு விளக்கினீர்கள். அதிகாரிக்குத் தெரியாத ஒன்றை ஆசிரியை சொல்லிக்கொடுப்பதைவிடப் பெரிய குற்றம் அந்த இலாகாவில் கிடையாது. அதிகாரிகள் கருத்து எழுதும் விசிட் புத்தகத்தில் பக்கம் முழுக்க எழுதினார். நீல நோட்டை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் வாரம் உங்களுக்கு ஸ்தலமாற்ற உத்தரவு வந்தது. மலை மேலே கம்பம்மெட்டுப் பக்கம், ஏலக்காட்டு நடுவில் ஒரு பள்ளிக்கூடம். அங்கேயும் சனிக்கிழமைக் கூட்டம் தொடங்கிவிட்டேன் என்று எழுதினீர்கள். இருமல் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி, பாதை உடைந்து ஜீப் வராமல், அண்ணன் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை மழை செய்தது என்று ஊர் சொல்கிறது. நான் சொல்லமாட்டேன்.

எமர்ஜென்சி இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. இந்தக் கோடை விடுமுறையில்தான் தமிழ் ஆசிரியர்களுக்கென்று கொழிஞ்சாம்பாறையில் பயிற்சி முகாம் நடத்தினார்கள். தலைமை யார்? அவரேதான், பெரிய பதவியில். ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். அட்டையில் ஆசிரியர் என்று அவர் பெயர். பிரித்தால், நங்கை, அத்தனையும் உங்கள் பாடங்கள். பதினெட்டாம் பக்கத்தில் கடலைக்காய்ப் பாடம், ஒரு சொல் மாறாமல். யாரோ குமாஸ்தாவிடம் நோட்டைக் கொடுத்து நகலெடுக்கச் சொல்லியிருக்கிறார். திருடிய பொருள் என்ன என்றுகூடத் திறந்து பார்க்காத திருடன்.

நம் பள்ளிக்கூடத்துக்கு இப்போது நான்தான் பொறுப்பு. பீரோச் சாவி என்னிடம். மறுநாள் விசிட் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போனேன்.

“சார், ஒரு சந்தேகமுங்க. பதினெட்டாம் பக்கத்தக் கொஞ்சம் நீங்களே படிச்சுக் காட்டுங்க” என்றேன்.

மகிழ்ச்சியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். ‘லாபம்’ என்ற இடம் வந்ததும் குரல் இறங்கியது. அவர் முடிப்பதற்குள் நான் விசிட் புத்தகத்தைத் திறந்தேன். மலையாளத்தில் எழுதியிருந்ததைத் தமிழாக்கிக்கொண்டே சத்தமாகப் படித்தேன்: ‘ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒன்று என்ற எண்ணே தெரியவில்லை. லாபம் என்று சொல்லும் மூடப் பழக்கத்தை ஆசிரியை பாடமாக நடத்துகிறார். இவர் இப்பணிக்குத் தகுதியற்றவர்.’ கீழே இருந்த கையெழுத்தை முன்வரிசையில் காட்டினேன். கையேட்டின் முன்னுரையிலும் அதே கையெழுத்து.

பின்னாலிருந்து மாரப்ப வாத்தியார் எழுந்தார். உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் தவறாமல் வந்தவர். “ஏனுங்க சார், இந்தப் பாடத்த எம்பட பள்ளிக்கூடத்துல நடத்திப் பாத்துட்டுத்தானுங்க அந்தம்மா நோட்டுல ஏத்துனாங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றனுங்க” என்றார். அப்போதுதான் கைக்குட்டை வெளியே வந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்? அன்றைக்கே எல்லோரும் சேர்ந்து மனு எழுதினோம். விசாரணை வருகிற திங்கட்கிழமை.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்.

நேற்று அண்ணன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்த ஆள் வீட்டுக்கு வந்தார். கெஞ்சப்போகிறார் என்று நினைத்து, ருசித்துக் கேட்கலாமென்று நாற்காலி போட்டேன், காபியும் கொடுத்தேன்.

“கடைசி வரியை ஏன் விட்டுட்டீங்க டீச்சர்?” என்றார்.

ஆமாம் நங்கை. முன்வரிசையில் காட்டியபோது அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை. அவர் கையெழுத்துக்கு மேலே இன்னும் ஒரு வரி இருக்கிறது: ‘அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் விசாரித்ததில், தாம் இம்முறையைப் பின்பற்றுவதில்லை என்றும், எடுத்துச் சொல்லியும் இவர் கேட்பதில்லை என்றும் தெரிவித்தார்.’ பக்கத்தில் என் கையெழுத்து.

அன்று தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “நீங்களும் இப்படித்தானா?” என்று கேட்டார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. “இல்லைங்க சார், நாஞ் சொன்னாலும் கேக்கமாட்டாங்க” என்றேன். நான் உங்களிடம் எதைச் சொன்னேன்? எப்போது சொன்னேன்? என் வகுப்பிலும் அதே பாடத்தைத்தானே நடத்திக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் உங்களுக்குக் கேட்டிருக்கும். சாயங்காலம் நடந்து வரும்போது வழியில் கீரை வாங்கினீர்கள், விலை பேசினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அண்ணனிடம் வேறு கதை சொன்னேன். நங்கைக்காக அதிகாரியிடம் சண்டை போட்டேன் என்று. பாவம், அவர் இன்றும் அதை நம்பிக்கொண்டு தோப்பில் தேங்காய் போட வருகிறவர்களிடம்கூட, “எந் தங்கச்சி அன்னைக்கே உடலீங்க, நேருக்கு நேர் கேட்டுப்போட்டா” என்று பெருமை பேசுகிறார்.

இதெல்லாம் அந்த ஆளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. “விசிட் புத்தகம் காணாமப் போச்சுன்னு சொல்லிடுங்க. அடுத்த பதிப்புல அந்த அம்மா பேரை அட்டையிலயே போட்டுடறேன். உங்க அண்ணன் மனசும் நோகாது” என்றார்.

பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். உங்கள் பெயர் அச்சில். அண்ணன் அதைத் தடவிப் பார்ப்பார். ஆனால் அந்த ஆளும் நானும் சேர்ந்துதானே உங்களை மலையேற்றினோம்? இப்போதும் நாங்கள் இருவருமே கூடிப் பேசி உங்களுக்குப் பெயர் வைப்பதா?

“காப்பியக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க சார்” என்றேன். குடிக்காமலே போனார்.

திங்கட்கிழமை அவரை விடப்போவதில்லை. பதவி போகட்டும், அட்டையில் இருக்கும் அந்தப் பெயர் கிழியட்டும். அவர் வீட்டில் அவரை நிமிர்ந்து பார்க்க ஆளில்லாமல் போகட்டும். இரக்கம் வருமா என்று என்னைச் சோதித்துப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் அவரை விழவைக்கும் பக்கத்தில்தான் நானும் இருக்கிறேன்.

அண்ணன் துணைக்கு வருகிறேன் என்கிறார். சலவைக்குப் போட்ட வேட்டியை வாங்கி வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும். அந்தப் பக்கத்தை இந்த முறை கடைசி வரி வரை படிப்பேன், என் கையெழுத்தையும் சேர்த்து. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களைக் காட்டிக்கொடுத்த
உங்கள் நாத்தனார்,
சரசு