பெட்டி தனியே போகாது

சண்டிலிப்பாய்
22.07.1992

அன்பின் அத்தானுக்கு,

அருந்ததி எழுதுகிறேன். நானும் மாமியும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம். இந்த நாளில் அதற்கு மேல் சுகம் கேட்க முடியாது. ஜேர்மனியில் உங்களுக்கு உடம்பு எப்படி, வேலை எப்படி என்று ஒன்றும் தெரியவில்லை. கார்த்திகையில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. நான் மூன்று கடிதம் எழுதினேன். வழியில் எங்கேயோ தவறியிருக்கும் என்று மாமிக்கும் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைப் பத்மாசினி ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். கொழும்புக்குப் போய்த் தபாலில் போடுவதாகச் சொன்னார்.

மாமிக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை. பரியாரியார் தந்த எண்ணெயைப் பூசிவிடுகிறேன். ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினோம். உங்கள் பங்கைப் பக்கத்துத் தோட்டத்து ஆழ்வாப்பிள்ளை அம்மான் குடித்தார். குடித்துவிட்டுப் பனங்கட்டி காணாது என்று குறையும் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஸ்பனர் பெட்டி வீட்டில் இல்லை. களவு போகவில்லை, குண்டும் விழவில்லை. நீங்கள் விற்றீர்கள், முத்துக்குமாரு வந்து கொண்டுபோனார்.

அந்தப் பெட்டியோடு நான் பட்ட பாட்டை முந்தின கடிதங்களில் எழுதியிருந்தேன். கிடைத்ததோ தெரியாது, திரும்பவும் கேளுங்கள். கல்யாணமான புதிதில் ஒவ்வொரு சாமானையும் வெளியே எடுத்து, இது கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடித் தேடி வாங்கினது, இது வெள்ளைக்காரன் பாவித்தது என்று காட்டினீர்கள். எனக்கு எல்லாம் ஒரே இரும்பாகத்தான் தெரிந்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் சனம் மாற்றுடுப்புக்கூட இல்லாமல் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்க, நீங்கள் அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினீர்களாம். பெண்சாதியை விட்டாலும் விடுவான், உந்தப் பெட்டியை விடமாட்டான் என்று மாமி என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நீங்கள் விமானம் ஏறின கையோடு ஊரே இரவல் கேட்டு வந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு ரிங் ஸ்பனர் போனது போனதுதான். குறடு திரும்பி வந்தது, ஆனால் அது எங்களுடைய குறடே இல்லை. வாய் சேராத கிழட்டுக் குறடு. அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்ட பிறகு ஒரு திருகாணிகூட இங்கே வருவதில்லை, எங்கே போய் வாங்குவது? அன்றோடு ஒரு சட்டம் போட்டேன். பெட்டி தனியே போகாது. யார் கேட்டாலும் நானும் கூடவே போவேன். வேலை முடியும்வரை தோட்டத்து வரம்பில் குந்தியிருந்து, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு வருவேன். பொலிஸ்காரி வாறா, கவனம் என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று இருந்தேன்.

எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டே இருப்பது? பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டுகிறபடியால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின்களுக்கு எப்போதும் பிளக்கில் கரி. ஒருநாள் ஆழ்வாப்பிள்ளை அம்மான் கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்துக் களைத்துப்போய், காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்செல்லாம் மிசினைப் பார்த்துப் பேசினார். விடுங்கோ அம்மான், நான் பாக்கிறன் என்று பிளக் சாவியை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். கழற்றிக் கரியைச் சுரண்டி, அம்மான் போத்தலில் பொத்திவைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு, திரும்பப் பூட்டி இழுத்தேன். இரண்டாம் இழுவையில் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அம்மான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்! ஐயோ அத்தான், அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு வந்த அவதி! வீட்டுக்கு ஓடிவந்து மாமியிடம் சொன்னேன். முதலில் கையைக் கழுவு பிள்ளை என்றார்.

அதற்குப் பிறகு என்னையே கூப்பிடத் தொடங்கினார்கள். பெட்டியைத் துருப்பிடிக்க விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைப்பேன், தலைக்கு எண்ணெய் இல்லாத கிழமைகளிலும். குண்டு போடப் பொம்பர் விமானம் சுற்றினால் பங்கருக்குள் மாமியை இறக்கி, அதையும் இறக்குவேன். மனிசர் இருக்க இடமில்லை, இதுக்கு இடமோ என்று மாமி ஏசுவார்.

போன கிழமை மானிப்பாயிலிருந்து முத்துக்குமாரு வந்தார். உங்களோடு முன்பு வேலை செய்தவராம், இப்போது சொந்தமாகக் கராச் வைத்திருக்கிறாராம். கதைத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நீலக் கடிதம் ஒன்றை எடுத்து விரித்தார். உங்கள் கையெழுத்து. எட்டு மாதத்துக்குப் பிறகு அதைப் பார்க்கிறேன், அதுவும் இன்னொருவருடைய பையில். உதுகள் வீட்டிலை சும்மா கிடந்து துருப்பிடிக்குது, போய் எடும், எனக்கு இனித் தேவைப்படாது என்று எழுதியிருந்தீர்கள். காசை ஜேர்மனியிலேயே அவருடைய தம்பியிடம் வாங்கிவிட்டீர்களாம்.

அந்த மனிதருக்கு என் முகம் எப்படித் தெரிந்ததோ, அண்ணை உங்களுக்கு எழுதேல்லையோ அக்கா என்று கேட்டார். ஓம் ஓம், எழுதினவர், நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினேன். நாலு பேர் உங்களைப் பற்றி ஒரு மாதிரிக் கதைக்க நான் இடம் கொடுக்கமாட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினேன். துருவைத் தேடினார், கிடைக்கவில்லை. எந்த ஸ்பனர் வழுக்கும், எதைத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். சைக்கிள் கரியரில் பழைய ரியூப் போட்டுக் கட்டினார். அவர் வெளிக்கிட, நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டேன். பழக்கம். ஒழுங்கை முடக்கில்தான் அவர் திரும்பிப் பார்த்து, நில்லுங்கோ அக்கா, வெயில், நான் போறன் என்றார். அதற்குப் பிறகுதான் நின்றேன்.

முந்தாநாள் அம்மானின் மிசின் திரும்பவும் நின்றுவிட்டது. வெங்காயம் வாடுகிறது, ஓடிவந்தார். பெட்டி இல்லை என்றேன். நம்பவில்லை, தன்னோடு ஏதோ கோபம் என்று நினைத்தார். நடந்ததைச் சொன்னேன். மனிசன் உங்கள் பேரைச் சொல்லி, அப்ப சேகரம் இனி வரமாட்டானோ பிள்ளை என்று கேட்டார். ஊர் முழுக்க அதைத்தான் நினைக்கிறது, அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். போய் அவரோடு சேர்ந்து வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். கை கொப்புளித்துவிட்டது, அதனால்தான் எழுத்து இப்படி.

அத்தான், கோபத்தில் எழுதவில்லை என்றால் பொய். நல்ல கோபம். கோபத்தைவிடப் பயம் கூட. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனீர்கள், இது நாலாவது. அந்தப் பெட்டிக்காகவென்றாலும் வருவீர்கள் என்று இருந்தேன். இரவில் எல்லா வேலையும் முடிந்து மாமியும் படுத்த பிறகு, எனக்கு ஒருவரும் இல்லை. சொல்ல வெட்கமில்லை, தனியாக இருந்து களைத்துப்போனேன்.

சீரணி அம்மன் உங்களைக் குளிரிலும் நோயிலும் காக்கட்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வரப்போவதில்லையென்றால் அதை எனக்கு எழுதுங்கள். முத்துக்குமாருவுக்கு எழுதாதீர்கள், மாமிக்கும் எழுதாதீர்கள். எவ்வளவு பொல்லாத செய்தியென்றாலும் உங்கள் கையால் எனக்கு எழுதுங்கள், படிப்பேன். இந்த வீட்டில் உங்களுடையது என்று இனி நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள்.

இன்னும் உங்கள்,
அருந்ததி