திங்கட்கிழமைச் சடை

மார்ச் 3, ஞாயிறு

நாளைக்கு 'ஷூக்கூ'. எல்லாப் பின்னலும் நெற்றியிலிருந்தும் பிடரியிலிருந்தும் ஏறி உச்சியில் வந்து சேர வேண்டும். எங்கள் பள்ளியில் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பின்னி வர வேண்டிய வாரச் சடையைப் பலகையில் எழுதிப் போடுபவள் நான். திங்கள் காலை வாசலில் நின்று, தப்பான சடையோடு வரும் பெண்களை ஓரமாக நிறுத்துபவளும் நான்தான். இந்த இபாதான் ஊரில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் பயம். என் மகள் மோன்ஜோலாவுக்கு மட்டும் இல்லை. ஒன்பது வயது. சீப்பைக் கண்டதும் அலறல். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துப் பின்னி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. சீப்பில் இரண்டு பல் போயிற்று.

கீழ்வீட்டு சிகிரு அம்மா படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். கடையும் உண்டு, சடையும் பின்னுவாள். "இவ்ளோ முடிய வச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற? பாதிய எனக்குக் குடு" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மார்ச் 8, வெள்ளி

முடியை நேராக்கும் கிரீம் வாங்கிவந்தேன். அடுத்த சனிக்கிழமை தங்கை கல்யாணம். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் இந்த அழுகை வேண்டாம். "சின்னப் புள்ளைக்கு இப்பவே எதுக்கு?" என்றார் என் கணவர் லாஓலு. "அப்ப ஞாயித்துக்கிழம நீங்க பின்னி விடுங்க" என்றேன். மனிதர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

மார்ச் 9, சனி

தண்ணீர் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நேற்று கிரீமைப் பூசுவதற்கு முன் குழாயைத் திறந்து பார்க்கவில்லை.

தலை முழுக்கப் பூசி, பத்து நிமிடம் பொறுத்து, கழுவ அழைத்துப் போனால் குழாயில் வெறும் காற்று. காலையிலிருந்தே கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேலே டேங்க் காலி. வாளிகளும் காலி. அன்று காலை துணி துவைத்துத் தீர்த்தவள் நானே. "அம்மா, எரியுது." "கொஞ்சம் பொறுடா." பொறு என்று சொன்னேனே! நானா சொன்னேன்?

லாஓலு தெருக் கிணற்றுக்கு ஓடினார். சிகிரு அம்மா கடையிலிருந்து தண்ணீர் பாக்கெட் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள். பல்லால் கிழித்துக் கிழித்து ஊற்றினோம். ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர்தான் இருக்கும்? இன்னும் எரியுது, இன்னும் எரியுது என்று கத்துகிறாள். உச்சியில் முடி தோலோடு என் கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் மொத்த முடியையும் ஒட்ட வெட்டிக் கட்டுப்போட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 16, சனி

தங்கை கல்யாணம். நான் போகவில்லை.

மார்ச் 25, திங்கள்

மோன்ஜோலா தொப்பியோடு பள்ளிக்கு வந்தாள். தலைமையாசிரியை அனுமதித்திருக்கிறார். வாசலில் நான் நின்றிருந்தேன். யாரோ டீச்சருக்குச் சொல்வதுபோல் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பின்னாலேயே மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன வாரச் சடையோடு வந்தாள். "அம்மாவுக்குக் காய்ச்சல், டீச்சர்" என்று கையைப் பிசைந்தாள். உள்ளே போ என்றேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை நிறுத்திவைத்திருப்பேன்?

ஏப்ரல் 7, ஞாயிறு

புண் ஆறிவிட்டது. ஷியா வெண்ணெய், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு. யார் எதைச் சொன்னாலும் வாங்கிவருகிறேன். ஆனால் நான் டப்பாவைத் திறந்தால் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். "சிகிரு அம்மா தடவட்டும்." சரி, தடவட்டும். திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். சொந்தப் பிள்ளையின் தலையைத் திருடி மாதிரி ஒளிந்து பார்க்கும்படி ஆகிவிட்டது.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

சர்ச்சில் எல்லாப் பிள்ளைகளின் தலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை.

மே 6, திங்கள்

தோல் டாக்டரிடம் போனோம். மற்ற இடமெல்லாம் நன்றாக வளர்கிறதாம். வாரம் ஒருமுறை கழுவுங்கள், ஈரம் காயுமுன் எண்ணெய் வையுங்கள், பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுங்கள், இறுக்கிப் பின்னாதீர்கள் என்றார். உச்சியை விரலால் தடவிப் பார்த்தார். முட்டை அளவுக்கு வழவழவென்று மின்னுகிறது. "வேர் வெந்துபோச்சும்மா. இங்க இனி வராது." வெங்காயச் சாறு? "அத குழம்புல போடுங்க."

பஸ்ஸில் மோன்ஜோலா கேட்டாள்: "உச்சியில எப்ப வரும்?" அவள் என்னிடம் தானாகப் பேசியே இரண்டு மாதம் இருக்கும். "வரும்டா, கொஞ்ச நாளாகும்" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நானும் அங்கதானே உக்காந்திருந்தேன். டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

மே 7

பொய் சொல்லி அவளை மறுபடியும் எரித்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

எந்த அறைக்குப் போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்க்கிறேன். பள்ளியிலும்கூட. என்னால் நிறுத்த முடியவில்லை. சிகிரு அம்மா பார்த்துவிட்டாள். "குழாயவே பாத்துட்டு நிக்காத டீச்சர். புள்ளையப் பாரு." எப்படிப் பார்ப்பது? நான் பார்த்தால் அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்கிறாளே. செத்துவிடலாம் போலிருக்கிறது என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தாலும் தெரிகிறது.

ஜூலை 14, ஞாயிறு

நாளைக்கு நேர்ப்பின்னல். நெற்றியிலிருந்து பிடரிவரை நேர் நேராக. வெள்ளியன்று பலகையில் எழுதியபோது அவளை நினைக்கவில்லை. அவளுக்குத்தான் தொப்பி இருக்கிறதே.

மதியம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சீப்பும் எண்ணெய் டப்பாவுமாக வந்து, எனக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தாள். தொப்பி இல்லை.

"சிகிரு அம்மா இலோரினுக்குப் போயிட்டாங்க. அதனாலதான்."

"தெரியும்."

"குழாய்ல தண்ணி வருதா?"

"வருது. பாத்தேன்."

"வாளியில?"

"ரெண்டு வாளி ரொப்பி வச்சிருக்கேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து என் முழங்கால்களுக்கு நடுவே வந்தாள். முடி விரல் நீளம் வளர்ந்திருக்கிறது. சுருள் சுருளாக, கெட்டியாக. நுனியிலிருந்து சிக்கெடுத்தேன். உச்சியை மூட வேண்டுமானால் வகிடு வளைந்துதான் போக வேண்டும். அப்படியே எடுத்தேன். மோன்ஜோலா வகிட்டை விரலால் தொட்டுப் பார்த்து உணர்ந்துகொண்டாள்.

"நேராப் போகணும்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க? வாசல்ல என்னைய நிறுத்துவீங்களா?"

"நிறுத்த மாட்டேன்."

"வேற யாராவது வளைச்சுப் பின்னிட்டு வந்தா?"

"அவங்களையும் நிறுத்த மாட்டேன்."

வழவழத்த இடத்தில் எண்ணெய் வைத்தேன். இத்தனை மாதத்தில் அதை முதல்முறையாகத் தொடுகிறேன். மெதுவாகத் தேய்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"எங்க?"

"இங்கதான்."

"தொட்டுட்டு இருக்கீங்களா? அங்க எனக்கு ஒண்ணும் தெரியாது, அம்மா."

அழுதேன். பின்னால் இருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்காது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, முடி தொடங்கும் ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இப்ப?"

"இப்பத் தெரியுது."

அங்கிருந்தே முதல் பின்னலைத் தொடங்கினேன்.