இரண்டாவது பொத்தான் இல்லாத சட்டை

மச்சான், இன்று பீரோவைக் குடைந்து அந்த நீலச் சட்டையை எடுத்தேன். இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் இன்னும் நூல்தான் தொங்குகிறது. மாமன்னர்களின் போர்களுக்குக் கல்வெட்டு உண்டு. வாடிப்பட்டியிலிருந்து நீங்கள் பஸ் ஏறி வந்து என் காலரைப் பிடித்த போருக்கு இந்த நூல் ஒன்றுதான் சாட்சி.

உங்கள் தங்கை அப்போது முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு அழுதாள். இட்லி வெள்ளையாக இருந்ததற்கு அழுதாள். நான் தும்மியதற்கு அழுதாள். மாட்டுத்தாவணியில் தேடி வாங்கிய மல்லிகைப் பந்து ஜன்னல் வழியே பறந்தது. அந்த வருடம் வைகையில் தண்ணீர் வந்ததற்கு மழை காரணமே இல்லை. கடைசியில் உங்களுக்குப் போன் போட்டு, "அண்ணே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அழுதாள். போதாதா?

"எந்தங்கச்சிய என்னய்யா செஞ்ச? வாயத் தொற!"

வாயைச் சத்தியம் கட்டியிருந்தது. பத்து நாளாக எனக்கும் சோறு இறங்கவில்லை. திமிறி வாசலுக்கு ஓடினேன். பொத்தான் உங்கள் கையோடு போயிற்று. வாந்தியெடுத்து நிமிர்ந்தபோது உங்கள் மீசை சிரிப்பில் துடித்துக்கொண்டிருந்தது.

"அவளுக்குச் சரி மாப்ள. ஒனக்கு எத்தனாவது மாசம்?"

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டீர்கள்: "ஒனக்கு எப்படி இருக்கு?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "அவளுக்கு என்னையப் பிடிக்காமப் போயிருச்சோன்னு பயமா இருக்கு மச்சான். நல்ல அப்பனா இருப்பனான்னும் தெரியல."

"அவளும் பயந்துதான் அழுகுறா. எங்கிட்டச் சொன்னத அவகிட்டப் போயிச் சொல்லு."

சொன்னேன். இருவரும் சேர்ந்து அழுதோம். பிறகு, பல நாளில் முதல்முறையாக, அவள் சிரித்தாள்.

இன்று காலை உங்கள் மகளின் கணவன் எங்கள் கோரிப்பாளையம் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னையப் பாத்தாலே அழுகுறா மாமா. ஏன்னு மட்டும் வெளிய சொல்லக் கூடாதாம்."

மச்சான், நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள்!

உங்கள் இடத்தில் நின்று காலரைப் பிடிக்கக் கை நீட்டினேன். பயல் டீ சர்ட் போட்டிருந்தான், காலரே இல்லை. தோளைப் பிடித்தேன்.

"ஒனக்கு எப்படி இருக்கு மாப்ள?"

அவன் கண் நிறைந்துவிட்டது. வெகுநேரம் பேசினான். அதன் பிறகுதான் இந்தச் சட்டையைத் தேடி எடுத்துக் காட்டினேன். கதையைக் கேட்டுச் சிரித்தவன், "பொத்தான் எங்க மாமா?" என்றான்.

அதை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். கேள்வியை என்னிடம் விட்டுவிட்டீர்கள்.