மணலில் வைத்த கை

வைகாசி 18, ஞாயிறு

இன்று திருச்சி கோல்ஃப் பந்தயத்தில் பேத்தி மதியின் மட்டைப் பையை நான்தான் தூக்கினேன். கடைசிக் குழிக்குப் போகும் வழியில் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. அவள் தூரம் பார்க்கப் போனாள். காய்ந்த காவிரியில் அவள் தினமும் பழகும்போது செய்வதுபோலவே, பந்துக்குப் பின்னால் இருந்த மணலைக் கையால் நீவிவிட்டேன்.

"ஐயோ அப்பாயி! அடிக்கிறதுக்கு முன்னாடி மணலத் தொடவே கூடாது, பை தூக்குறவங்களும்தான்."

"யாருடி பாத்தா? பேசாம அடி."

அவள் காலை மணலில் அழுத்தி ஊன்றினாள். ஆற்றில் எப்போதும் மட்டை முதலில் மணலில்தான் இறங்கும். இன்று பந்தை மட்டும் சுத்தமாக எடுத்தாள். அது குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு நேரே நடுவரிடம் போனாள். "எங்க அப்பாயி மணலத் தொட்டுட்டாங்க சார். தண்டனையா ரெண்டு அடி கூட்டிக்குங்க."

கோல்ஃபில் அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி; ஒரே ஓர் அடி கூடிப்போனதில் அவளுக்கு மாநில அணியில் இடம் போயிற்று.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் மகன் கேட்டதற்கு, "மணல்ல சரியா அடிக்க வரலப்பா" என்றாள். அவ்வளவு அழகாக அடித்துவிட்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல், அடிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

காலையில் மகனிடம் நானே சொல்வேன். முதலில் அந்த அடியைச் சொல்வேன். அப்புறம்தான் என் கையை.