சுருள்பாசித் தொட்டியில் இரண்டு கேன் ஏரித்தண்ணீர்

தி.நகர் மருந்துக்கடையில் நேற்று ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார்கள். பச்சை மாத்திரைகள். ஸ்பைருலினா, உன் சுருள்பாசி. அந்தக் கடல்வாடை மூக்கில் ஏறியதும் மூடச் சொல்லிவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில், கோட்டூர்புரம் குடியிருப்பின் மொட்டைமாடியில் நீ சுருள்பாசி வளர்த்தாய். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். தொட்டித் தண்ணீரில் சோடா உப்புப் போட்டு, வேளாவேளைக்குக் கலக்கி, துணியில் வடித்து, அந்தப் பச்சை விழுதை உன் மூன்று வயது மகளின் தோசைமாவில் சேர்ப்பாய். அவ்வளவும் சத்து என்பாய்.

அந்தக் கோடையில் மயிலாப்பூரில் உன் அம்மா வீட்டுக்குப் போகும்போது, கீழ்வீட்டில் இருந்த என்னிடம் தொட்டியை ஒப்படைத்தாய். "கொதிக்கவச்சு ஆறின தண்ணி மட்டும்தான்டி ஊத்தணும்" என்றாய். தண்ணீர் லாரி வரவில்லை. தொட்டி வற்றியது. வேளச்சேரியிலிருந்து வரும் பால்காரரிடம் சொல்லி இரண்டு கேன் ஏரித்தண்ணீர் வரவழைத்து, அப்படியே ஊற்றினேன். லேசாகப் பச்சை தெரிந்தது. பாசித் தொட்டிக்குத்தானே என்று விட்டுவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை.

நீ திரும்பிய மறுநாள் காலை பால்காரர், "ஏரி பச்சை பெயின்ட் ஊத்துன மாதிரி கீதும்மா. அந்தத் தண்ணியக் குடிச்சு ரெண்டு எருமை செத்துப்போச்சு" என்றார்.

படியேறி ஓடினேன். குழந்தை பாதி தோசையைத் தின்றிருந்தாள். "குடுக்காதே!" என்று கத்தினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ தட்டைப் பிடுங்கினாய். உன் பழைய மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாய். சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே உருண்டைக் கொத்துகள்.

"ரெண்டும் பச்சைதான்டி. சுருள் நான் சோறு போட்டு வளத்தது. உருண்டை ஏரியில கலக்கற சாக்கடையத் தின்னு தானாப் பெருகினது. அதோட விஷம் ஈரலைத் தாக்கும்."

அடையாறு டாக்டர், "கண்ணு மஞ்சளாகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றார். நாள்கணக்கில், ஜன்னல் வெளிச்சத்தில் அவள் இமையை விரித்து விரித்துப் பார்த்தோம். அவள் தும்மினாலும் எனக்கு உயிர் போய் வந்தது. மஞ்சளாகவில்லை.

நீ திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டித் தேய்த்துக் கழுவி, புதிதாகப் பாசி விட்டாய். அடுத்த முறை மயிலாப்பூர் கிளம்பியபோது, கலக்கும் கட்டையை மறுபடி என்னிடமே நீட்டினாய்.

"வேணாம்டி, எனக்குப் பயமா இருக்கு."

"அதனாலதான் குடுக்கறேன்."

உன் பேத்திக்கு இப்போது நான்தான் மதியச் சோறு ஊட்டுகிறேன். முதல் வாய் நான் தின்று, கொஞ்சம் பொறுத்துத்தான் அவளுக்கு. உன் மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். எனக்கு இன்னும் பயம் போகவில்லை.