இரத்தத்தில் அளவு சரி

1991 நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. நோர்பரி நிலையத்தில் ரயில் தாமதம். ஐந்து மணிக்குத்தான் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மனைவி சாந்திக்கு இன்று காய்ச்சல் இல்லை. இதய வால்வில் கிருமி. இரண்டு மருந்துகள், நரம்பு வழியாக: பெனிசிலின், ஜென்டமைசின். இரண்டாவதைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சிறுநீரகம் மட்டுமே வெளியேற்றும் மருந்து. தேங்கினால் சிறுநீரகமும் காதும் போகும். அதனால்தான் ஊசிக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நான் மருந்தாளர். இங்கே வேறொரு ஆஸ்பத்திரியில் மருந்துப் பெட்டி அடுக்குகிறவன்.

நாளைக்கு: கம்பளிக் காலுறை, சீப்பு, மகள் கீறிய படம்.

நவ. 15, வெள்ளி

கால் வீக்கம். நீர் போக ஃப்ரூசமைட் தொடங்கியிருக்கிறார்கள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய மருந்து அட்டையில் பார்த்தேன். ஜென்டமைசினும் அதுவும் சேர்ந்தால் காதுக்கு ஆபத்து. மாணவனாக இருந்தபோதே படித்தது. அட்டையோடு நின்றேன். தாதி வந்தாள்.

"நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா?"

"இல்லை. கணவன்."

அட்டையைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஆபத்தைச் சொல்லாமலே கிளம்பினேன்.

நவ. 19, செவ்வாய்

குளிர். மகளுக்குச் சளி. பால் வாங்க மறந்துவிட்டேன்.

சாந்தி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, காதுக்குள்ளை ஒரே இரைச்சல். பிரிட்ஜ் ஓடுற மாதிரி."

"காய்ச்சல் இருந்ததாலை. போயிடும்" என்றேன்.

டொக்டரிடம் ஜென்டமைசின் அளவு மட்டும் கேட்டேன். சரியாக இருக்கிறதாம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். இரத்தத்தை விட்டுச் சில மணி நேரத்தில் போகிற மருந்து உட்காதில் நாட்கணக்காகத் தங்கும். இரத்தத்தில் அளவு சரி என்றால் காதிலும் சரி என்றில்லை. தெரிந்தும் பேசாமல் வந்தேன். சண்டைக்காரன் என்று நினைத்தால் அவளைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்ற பயம். வேறு காரணம் இல்லை.

நவ. 22, வெள்ளி

கழிவறைக்கு எழுந்தவள் விழுந்துவிட்டாள். நெற்றியில் தையல் இரண்டு.

"தரை ஆடுது. சுவர் எல்லாம் குதிக்குது" என்கிறாள்.

இன்றுதான் காது இரைச்சலைச் சொன்னேன். டொக்டர் சின்னப் பையன், கண் சிவந்திருந்தது. உடனே ஜென்டமைசினை நிறுத்தினார்.

"இரைச்சல் எப்போது தொடங்கியது?"

"இன்றைக்கு."

பொய். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் அதையே எழுதிக்கொண்டார்.

டிச. 9, திங்கள்

வீட்டுக்குக் கூட்டி வந்து நான்கு நாள். வால்வு தப்பியது. கிருமி இல்லை. செவிச் சோதனைத் தாளில் கோடு வலப்பக்கம் போகப் போகக் கீழே விழுகிறது. மெல்லிய, உயர்ந்த ஓசைகள் போய்விட்டன. எங்கள் நாலு வயதுக் கவிதாவின் குரலும் அதில்தான் இருக்கிறது. பின்னால் நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே முதுகில் அடித்தாள். சாந்தி திரும்பி, "ஏனம்மா அடிக்கிறாய்?" என்று கேட்டாள்.

உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. கேட்பதும் தள்ளாடாமல் நடப்பதும் அவற்றால்தான். அவள் நடக்க என் கை வேண்டும். நேசரியில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்கு இனிப் போக ஏலாது.

தோர்ண்டன் ஹீத்திலிருந்து சந்திரா அக்கா இடியப்பம் கொண்டு வந்தார். "உயிர் மிஞ்சினதே பெரிய காரியம் தம்பி." உண்மைதான். அந்த மருந்து இல்லாவிட்டால் செத்திருப்பாள். இடியப்பத்தைப் பிய்த்துக் கவிதாவுக்கு ஊட்டினேன்.

டிச. 13, வெள்ளி

நாலு மணிக்கே இருட்டு. பிள்ளையைச் சந்திரா அக்கா வீட்டில் விட்டிருந்தேன். சாந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்குப் பாதி விளங்கவில்லை.

"எழுதித் தாங்கோ."

கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். அட்டையில் பார்த்தது, பேசாமல் வந்தது, பொய் சொன்னது. இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பவே சொல்லியிருந்தா, காது மிஞ்சியிருக்குமோ?"

"தெரியாது" என்று எழுதினேன். பிறகு கீழே, "மிஞ்சியிருக்கலாம்."

"நான் உங்களிட்டைத்தானே முதல் சொன்னனான்" என்றாள். குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்தாள். கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. சுவரைத் தடவித் தடவி, கதவு நிலையில் ஒரு தரம் மோதி, தானாகவே அறைக்குப் போனாள்.